ஏட்டில் ஏறாத குரல்கள்: நாட்டுப்பாடல் இசைத்தொகுப்புகளும் இலக்கிய வரலாறும்

2016ஆம் ஆண்டில் நிகழ்ந்த மூன்று நிகழ்ச்சிகள் இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாக அமைகின்றன. அவ்வாண்டு சனவரி 17ஆம் நாள் நம் புதுவையில் முனைவர் கே.ஏ. குணசேகரன் மறைந்தார். அக்டோபர் 13ஆம் நாள், அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கு இலக்கியத்திற்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. டிசம்பர் முதல் நாள் கவிஞர் இன்குலாப் மறைந்தார். ஒன்றோடொன்று தொடர்பற்றன போலத் தோன்றும் இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் ஒரு வினா எழுகின்றது. இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் வாழும் பாடலை இலக்கியமாக ஏற்க உலகம் முன்வந்த அதே ஆண்டில், கவிதையைக் குரலாக மாற்றி ஊர்தோறும் கொண்டுசென்ற இரு தமிழரை நாம் இழந்தோம். அவர்தம் நூல்களுக்கு நம் இலக்கிய வரலாற்றில் இடம் உண்டு. அவர்தம் பாடல் ஒலித்த நாடாக்களுக்கு இடம் உண்டா?

இல்லை என்பதே விடை. அவ்விடை மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பாட்டும் ஏடும்

தமிழ் இலக்கியம் நாட்டார் பாட்டைப் புறக்கணித்தது என்று ஒரே வீச்சில் கூறிவிட முடியாது. தொல்காப்பியச் செய்யுளியல் 'பண்ணத்தி' என்னும் வகையைக் குறிப்பிடுகின்றது. இளங்கோவடிகள் கானல்வரியையும் வேட்டுவ வரியையும் ஆய்ச்சியர் குரவையையும் தம் காப்பியத்தின் நடுவே அமைத்தார். மாணிக்கவாசகர் மகளிர் ஆடியும் பாடியும் வந்த அம்மானை, ஊசல், பொற்சுண்ணம் முதலியவற்றைத் திருவாசகத்தின் வடிவங்களாக்கினார். அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்துக்கு ஏட்டில் நிலையான இடம் தேடித் தந்தார்.

எனினும் இவ்வரலாற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. வடிவம் ஏட்டில் ஏறியது, பாடியவர் ஏறவில்லை. அம்மானை பாடிய பெண் யார், வரிப்பாட்டைப் பாடிய நுளையர் மகள் யார் என்பதற்கு விடை கிடையாது. புலவன் பெயர் நின்றது. குரல் காற்றோடு போயிற்று.

புதுவை மண்ணில் இக்குரலை அடையாளம் கண்டவர் பாரதியார். 1908 முதல் 1918 வரை இங்கு வாழ்ந்த அவர், குயில் பாட்டில் ஏற்றம் இறைப்போர் பாட்டையும், நெல் இடிக்கும் பெண்களின் ஒலியையும், சுண்ணம் இடிப்போர் பாடலையும், பண்ணையில் வேலை செய்யும் மகளிர் பாட்டையும், குழலோடும் வீணையோடும் ஒரே வரிசையில் வைத்துக் குயில் தன் நெஞ்சைப் பறிகொடுத்ததாகப் பாடினார். அவ்வரிசையை ஊன்றி நோக்குதல் வேண்டும். உழைப்பவர் பாட்டுக்கும் அரங்கிசைக்கும் அங்கே உயர்வு தாழ்வு இல்லை. ஆயினும் அந்நாளில் புதுவை வயல்களில் ஒலித்த ஏற்றப்பாட்டு எத்தகையது என்று இன்று நம்மால் கேட்க முடியாது. கவிஞரின் செவி நமக்கு எஞ்சியது. அவர் கேட்ட ஒலி எஞ்சவில்லை.

அச்சுத் தொகுப்புகள்

ஒலியை விடுத்துச் சொல்லையேனும் காக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1871இல் நூலாக வெளியிட்டார். ஆங்கில அதிகாரியான பெர்சி மாக்வீன் திரட்டிய தமிழ்ப் பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958இல் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 'மலையருவி' என்ற பெயரில் வெளியிட்டது. பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964இல் வெளிவந்தது. பாடலை இரசனைக்குரிய பொருளாக மட்டும் காணாது, அதனைப் பாடும் மக்களின் வாழ்வோடும் உழைப்போடும் பொருத்திக் காண நமக்குக் கற்பித்தவர் நா.வா.

இத்தொகுப்புகள் இன்றி நாட்டுப்புறவியல் என்னும் துறையே நம் கல்லூரிகளில் தோன்றியிராது. எனினும் அச்சுக்கு ஓர் எல்லை உண்டு. தாலாட்டின் இழுவையும், ஒப்பாரியில் சொல் முறிந்து விம்மலாக மாறும் இடமும், நடவுப் பாட்டில் ஒருத்தி தொடங்க மற்றவர் வாங்கிப் பாடும் முறையும் எழுத்தில் நில்லா. 'ஆக்காட்டி' என்னும் பாடலை வகுப்பில் அச்சுப் பக்கத்திலிருந்து பலமுறை நடத்தியிருக்கிறேன். குஞ்சுகளுக்கு இரைதேடப் போய்க் கண்ணியில் சிக்கிக்கொண்ட பறவையின் புலம்பல் அது. மாணவியர் குறிப்பெடுத்துக்கொள்வர், அவ்வளவே. பின்னர் ஒருமுறை குணசேகரன் பாடிய ஒலிப்பதிவைக் கேட்கச் செய்தேன். பாடல் முடிந்தபின் வகுப்பில் நெடுநேரம் யாரும் பேசவில்லை. பறவை மறைந்து, கூலிக்குச் சென்று மீளாத ஒரு தாய் அவர்கள் முன் நின்றாள். சொல் ஒன்றே, வேறுபாட்டைச் செய்தது குரல்.

தட்டும் நாடாவும்

குரலை இசைத்தட்டில் பிடித்துவைக்கும் பணி இந்தியாவில் 1902இல் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். ஆனால் நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற அந்த இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே ஓடும். கீர்த்தனையைச் சுருக்கலாம்; நாடகப் பாடலைச் சுருக்கலாம். விடிய விடியப் பாடும் கதைப்பாடலையும், துக்கம் தீரும்வரை நீளும் ஒப்பாரியையும் மூன்று நிமிடத்தில் அடக்குவது எங்ஙனம்? பதிவுக்கூடமும் அச்சுவார்க்கும் ஆலையும் பெருமுதல் வேண்டுவன. விற்குமா என்ற கணக்கே எது பதிவாக வேண்டும் என்பதை முடிவு செய்தது. ஆகவே தமிழ் இசைத்தட்டில் முதலில் நிலைபெற்றவர் நாடக மேடையின் நட்சத்திரங்களும் சங்கீத வித்துவான்களுமே. வயலும் சேரியும் வெளியே நின்றன.

அந்நிலையை மாற்றியது ஒலிநாடா. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய சிறு நாடாப்பெட்டி 1980களில் நம் நாட்டில் தேநீர்க்கடை வரை பரவியது. அறுபது நிமிட நாடாவில் பக்கத்திற்கு அரைமணி நேரம் பாடலாம். சிறு பதிவுக்கூடம் போதும். சில நூறு படிகள் எடுத்தாலே போதும். வீட்டிலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கலாம். பெருநிறுவனத்தின் தயவின்றி ஒரு பாடகர் தம் குரலை ஊருக்கு அனுப்ப முடிந்தது தமிழ் வரலாற்றில் அப்போதுதான் எனலாம். கவிஞர்களுக்குச் சிற்றிதழ் எதுவோ, பாடகர்களுக்கு ஒலிநாடா அது.

இக்காலத்தில் மதுரையிலிருந்து விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம் கணவருடன் இணைந்து ஊர் ஊராகப் பாடல்களைத் திரட்டி, மேடையிலும் நாடாவிலும் பாடினார். ஆய்வாளரே பாடகராகவும் அமைந்த அப்பணிக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. புஷ்பவனம் குப்புசாமியும் அனிதா குப்புசாமியும் கிராமத்துப் பாட்டை நகரத்து வீட்டுக் கூடங்களுக்குக் கொண்டுசேர்த்தனர். கொல்லங்குடி கருப்பாயி, பரவை முனியம்மா ஆகிய பெண்கள், ஏட்டுக் கல்வியின் துணையின்றித் தம் நினைவையே நூலகமாகக் கொண்டு பாடினர். வானொலியும் பின்னர்த் திரைப்படமும் அவர்களை அறிமுகப்படுத்தின. முனியம்மா 2020இலும், கருப்பாயி 2025இலும் மறைந்தனர். அவர்களோடு போன பாடல்கள் எத்தனை என்று கணக்கிட வழியில்லை. எஞ்சியவை ஒலிப்பதிவில் நின்றவையே.

கவிதை குரலான கதை

இனி நம் ஊர்க்கு வருவோம். சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுவையில் மறைந்தார். அவர் பெயரால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் அமைந்த நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராகப் பணியாற்றியவர் கே.ஏ. குணசேகரன். 1955இல் இளையான்குடிப் பகுதியில் தலித் குடும்பமொன்றில் பிறந்தவர். தம் இளமையில் பட்ட சாதித் துன்பங்களை 2005இல் வெளிவந்த 'வடு' என்னும் தன்வரலாற்றில் எழுதினார். 'பலியாடுகள்' நாடகம் தமிழ்த் தலித் அரங்கின் தொடக்கமாகப் பேசப்படுவது. இலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவ்விரண்டோடு அவரை நிறுத்திக்கொள்ளும்.

ஆனால் 1980களிலும் 1990களிலும் அவரை அறிந்தோர் முதலில் அறிந்தது குரலைத்தான். 'தன்னானே' என்ற கலைக்குழுவை அமைத்து, பறையும் தவிலும் உடன் ஒலிக்க மேடைதோறும் பாடினார். இடதுசாரி மேடைகளில் தொடங்கிய அப்பயணம், அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் எழுச்சியில் புதிய திசை கொண்டது. நாட்டுப்பாடல் என்றால் தெம்மாங்கும் கேலியும் கொண்ட இனிய பொழுதுபோக்கு என்று பழகியிருந்த செவிகளுக்கு, அதே மெட்டில் பசியையும் இழிவையும் அவர் கேட்கச் செய்தார். நாட்டுப்புறவியலுக்குள் சேரியின் வழக்காறுகளுக்கு உரிய இடம் இல்லை என்பதை உணர்ந்து 'சேரிப்புறவியல்' என்னும் சொல்லையே முன்வைத்தார். இழவுக்கு மட்டும் உரியதென்று தள்ளிவைக்கப்பட்ட பறை, அவருடைய மேடையில் பாட்டின் தலைமைக் கருவியாயிற்று. ஒரு கருவியின் இடம் மாறுவது, அதனை அடிப்பவரின் இடம் மாறுவதன் முன்னறிவிப்பு.

இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' இவ்வகையில் நம் கவிஞர்கள் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. கீழக்கரையில் பிறந்து சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய இன்குலாப், சாதி இழிவை மறுத்து எழுதிய பாடல் அது. குணசேகரன் குரலில் மேடையிலும் ஒலிநாடாவிலும் அது பரவியது. நூலை வாங்கும் வாய்ப்பில்லாதவரும், எழுத்தறியாதவரும் அதனை முழுமையாகப் பாடினர். எழுதியவர் யார், பாடியவர் யார் என்று அறியாமலே பலர் பாடினர். 2017இல் அம்ஷன் குமார் தாம் இயக்கிய திரைப்படத்திற்கு அப்பாடலின் தலைப்பையே பெயராக வைத்தார். ஒரு கவிதை அச்சுப் பக்கத்தை விட்டிறங்கி, ஒருவர் குரலில் ஏறி, மக்கள் வாய்மொழியாக மாறியது நம் கண்முன்னேயே நிகழ்ந்தது. இன்குலாப் மறைந்தபின் 2017ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமி விருது 'காந்தள் நாட்கள்' என்னும் அவர் நூலுக்கு அறிவிக்கப்பட்டது. குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. விருது தேடி வந்ததும் நூலையே என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

பாட்டுக்குரிய வலிமையை ஆட்சியாளர் அறியாமலில்லை. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் மதுக்கடைகளுக்கு எதிரான பாடல்களுக்காக 2015 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். அதே கருத்தில் அச்சில் வந்த கவிதைகள் பல. அவை யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை.

கித்தாரும் பறையும்

நாட்டுப்பாட்டு மேலைக் கருவிகளோடு கலந்து புதுவடிவம் பெறுவதைச் சிலர் கெடுதி என்பர். அக்கலப்பின் வரலாறு நாம் நினைப்பதைவிட நீண்டது. ஈழத்தில் நித்தி கனகரத்தினம் 1960களிலேயே கித்தாரை ஏந்தி யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் பாடினார். அவரையும் ஏ.ஈ. மனோகரனையும் தொடர்ந்து வளர்ந்த அவ்வகையை ஈழத்தவர் 'பொப் இசை' என்றும் 'துள்ளிசை' என்றும் அழைத்தனர்.

கல்கத்தாவில் 1975இல் கௌதம் சட்டோபாத்தியாயும் நண்பர்களும் அமைத்த 'மொஹீனேர் கோராகுலி' குழு, பாவுல் பாடல்களையும் ராக் இசையையும் இணைத்து 1977 முதல் 1979 வரை மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டது. அக்குழுவின் பெயரே கவிஞர் ஜீவனானந்த தாசின் கவிதை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அந்நாளில் பெரும் வரவேற்புப் பெறாத அத்தட்டுகள் பின்வந்த வங்க இசைக்குழுக்களுக்கெல்லாம் மூலமாயின. கேரளத்தில் 'அவியல்' குழு 2008இல் வெளியிட்ட தொகுப்பு, மலையாள நாட்டார் வழக்கை ராக் இசையின் ஓங்காரத்தில் நிறுத்தியது. இலண்டனில் பிறந்த தமிழ்ப் பெற்றோரின் மகள் சுஷீலா ராமன் 2001இல் தம் முதல் தொகுப்பில் கருநாடக இசைக் கீர்த்தனைகளைப் பாடினார். 2011இல் 'வேல்' என்னும் தொகுப்பில் முருகன் வழிபாட்டுப் பாடல்களின் ஆவேசத்தைத் தேடிச் சென்றார்.

தமிழகத்தில் இவ்வழி வந்த பெருமுயற்சி 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முன்னெடுப்பில், இசைக்கலைஞர் டென்மாவின் பொறுப்பில், 2018 சனவரியில் சென்னையில் அரங்கேறிய குழு இது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த 'சாதி பேதமற்ற தமிழர்' என்னும் கருத்தே குழுவின் பெயராயிற்று. வடசென்னைக் கானாவும் பறையும் ஒப்பாரியும் மின்கித்தாரோடும் ராப் இசையோடும் ஒரே மேடையில் ஒலித்தன. ஆண்களின் களமாக இருந்த கானாவில் இசைவாணி என்னும் பெண்ணின் குரலும் அங்கே எழுந்தது. குணசேகரன் மேடையில் பறை பெற்ற இடத்தை இவர்கள் மேலும் ஒரு படி உயர்த்தினர் என்பதே என் கணிப்பு. கருவி மாறினும் மரபு அறவில்லை. எவர் குரல், எவர் வாழ்வு என்பதில் மரபு நிற்கின்றது.

இரு இழப்புகள்

இவ்வளவு கூறிய பின் மறுபக்கத்தையும் கூறுதல் கடமை. ஒலிப்பதிவு ஒன்றைக் காக்கும்போது பலவற்றை மறைக்கின்றது. 'ஆக்காட்டி' ஊருக்கு ஊர் வேறுபட்டது. முட்டைகளின் எண்ணிக்கை கூட மாறும். நாடாவில் பதிந்த ஒரு வடிவம் புகழ்பெற்றதும் ஏனையவை நாணி ஒதுங்கிவிடுகின்றன. பதிவு செய்த ஒப்பாரி இழவு வீட்டு ஒலிபெருக்கியில் ஒலிக்கத் தொடங்கியபின், நேரில் வந்து பாடிய பெண்களை அழைப்போர் குறைந்தனர். இது முதல் இழப்பு.

இரண்டாவது, பெயரின் இழப்பு. உறையின் மேல் பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் இருக்கும். அப்பாடலைச் சொல்லிக்கொடுத்த மூதாட்டியின் பெயர் இராது. இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஜான் லோமாக்சும் அவர் மகன் ஆலனும் 1933இல் லூசியானாச் சிறையொன்றில் கண்டெடுத்த கறுப்பினப் பாடகர் லெட்பெல்லி, 'ஐரீன்' என்னும் பாடலை அவர்களுக்குப் பாடிக்காட்டினார். 1950இல் 'வீவர்ஸ்' குழு பாடி அப்பாடல் நாடெங்கும் புகழ்பெற்றது. லெட்பெல்லி அதற்குச் சில திங்களுக்கு முன், 1949 டிசம்பரில், மறைந்துவிட்டார். பாட்டின் பயன் பாடியவனைச் சேராத கதை எல்லா மொழியிலும் உண்டு.

நாம் செய்யத்தக்கது

இழப்பை மட்டும் பேசி அமைதல் ஆகாது. அமெரிக்காவில் ஹாரி ஸ்மித் என்பார், 1927க்கும் 1932க்கும் இடையே வெளிவந்து மறக்கப்பட்ட பழைய தட்டுகளைத் தேடிச் சேர்த்து, 84 பாடல்களைத் தெரிந்தெடுத்து 1952இல் ஆறு இசைத்தட்டுகளாக வெளியிட்டார். டிலன் தலைமுறைப் பாடகர்கள் தம் மூதாதையரை அறிந்தது அத்தொகுப்பில்தான். 1928இல் பாடிவிட்டு ஊர் திரும்பி உழவுத் தொழிலில் இருந்த மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்னும் முதியவரை, 1963இல் தேடிக் கண்டுபிடித்து மீண்டும் மேடையேற்றினர். தம் வாழ்வின் இறுதி மூன்றாண்டுகள் அவர் புகழோடு பாடினார். காப்பாற்றப்பட்ட ஒலிப்பதிவு, பாடகரையே மீட்டுத் தந்த வரலாறு அது. பரிசு டிலனைச் சேர்ந்ததற்குப் பின்னால் பழைய தட்டுகளைத் தூக்கியெறியாத ஒருவரின் பிடிவாதமும் உண்டு.

நம் ஊரில் இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1955இல் தொடங்கப்பட்ட புதுவைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஓலைச்சுவடிகளைத் திரட்டிப் பேணியது. புதுவையிலுள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஓலைக்குச் செல்லும் கறையானும் பகை. ஒலிநாடாவுக்குக் கடற்கரை ஊரின் ஈரக்காற்றும் பூஞ்சையும் பகை. ஓலையின் ஆயுள் சில நூறாண்டு என்றால் நாடாவின் ஆயுள் சில பத்தாண்டே. 1980களில் பதிந்த நாடாக்களுக்கு இறுதிக்காலம் வந்துவிட்டது. அதனை ஓட்டும் கருவியும் வீடுகளிலிருந்து மறைந்து வருகின்றது.

உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடி தேடியதைப் போற்றும் நாம், நம் வீட்டுப் பரணில் கிடக்கும் நாடாவைச் சுவடியாகக் கருதுவதில்லை. நெல்லித்தோப்பில் கூடும் நம் வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், உறுப்பினர்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். அவரவர் வீட்டிலுள்ள நாட்டுப்பாடல் நாடாக்களையும், கவியரங்குகளிலும் கலை இரவுகளிலும் தாமே பதிவு செய்தவற்றையும் எடுத்து வாருங்கள். அவற்றைக் கணினியில் படியெடுப்பது இன்று எளிது. படியெடுக்கும்போது பாடியவர் பெயர், ஊர், பாடிய சூழல், பாடலைக் கற்றுத்தந்தவர் பெயர், உடன் இசைத்தவர் பெயர் ஆகிய ஐந்தையும் தவறாது எழுதிவையுங்கள். சுவடியில் பாடபேதம் குறிப்பது போல, ஒரே பாடலின் பல ஊர் வடிவங்களையும் அருகருகே வைத்துக் குறியுங்கள். வரும் ஆண்டுகளில் நம் வட்டம் வெளியிடும் தொகுப்புகளில் கவிதை நூல் மதிப்புரையோடு இசைத்தொகுப்பு மதிப்புரையும் இடம்பெறட்டும்.

பாரதியார் கேட்ட ஏற்றப்பாட்டை நாம் கேட்க இயலாது போனதற்கு அந்நாளில் கருவி எளிய மக்களை எட்டவில்லை என்று காரணம் கூறலாம். குணசேகரன் பாடிய பாட்டை நம் பெயரர் கேட்க இயலாது போனால், அக்காரணத்தை நாம் கூற முடியாது.